என் வலது காது போன மத்தியானம்

என் வலது காது செவிடாகிவிட்டதென்று ஒரு மத்தியானம் முழுக்க நம்பினேன். டிரம்ஸ், பீப்பாய், பிஸ்கட் தகரம் என்று அகப்பட்டதையெல்லாம் இருபது வருஷமாக அடித்து, அதைப் பதிவு செய்து இசையென்று விற்கிறவனுக்கு வேறென்ன தண்டனை கிடைக்கும்? என் இசையை ரசிப்பவர்களே கொஞ்சம் பேர். அதில் ஒருவன் செவிடானால் தாங்காது.

சிங்கப்பூருக்கு அக்கரையில், ஸ்கூடாய் ஊரில் இருக்கும் எங்கள் வீட்டின் பின்னறைதான் என் ஸ்டூடியோ. அன்று காலை, கோத்தா திங்கியிலிருந்து ஏற்றிவந்த செம்பனை எண்ணெய்ப் பீப்பாயை அடித்துப் பதிவு செய்தேன். சாப்பிட்டபின் ஹெட்போனில் கேட்டால், இடது காதில் அடைமழை, வலது காதில் தூறல். வலது பக்கச் சத்தத்தை ஏற்றினேன், இன்னும் ஏற்றினேன். ஹெட்போனைத் திருப்பி மாட்டியும் வலது காதுதான் மந்தமாக இருந்தது. அப்படியென்றால் கோளாறு ஹெட்போனில் இல்லை.

மனைவியிடம் போய், "காது போச்சும்மா. டிரம்ஸ வித்துட்டு சிங்கப்பூர்ல செக்யூரிட்டி வேலைக்குப் போறேன்" என்றேன்.

"காது கேக்காத செக்யூரிட்டியா? திருடனுக்கு நல்ல வசதி லா" என்றவள், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "இங்க வாங்க, பாப்போம்." ஜன்னல் வெளிச்சத்தில் என் தலையைச் சாய்த்துப் பிடித்து, காதை மூடியிருந்த முடியை ஒதுக்கினாள்.

உள்ளே பஞ்சு இருந்தது. பீப்பாய் வலது பக்கம் நிற்கிறதே, காது வலிக்குமே என்று காலையில் நான்தான் வைத்திருந்தேன்.