வேலுசாமியின் வெள்ளை அணுக்கள்

மைக்ராஸ்கோப்பில் இருந்து கண்ணை எடுத்த டாக்டரம்மாவின் முகம் வாடியிருந்தது. "ஒரு வெள்ளை அணுகூட முழுசா இல்லையே. பிளட் கேன்சரா இருக்குமோ?" என்றார்.

எழுபதுகளின் கடைசி. சங்கரன்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியன். மேலநீலிதநல்லூர் வேலுசாமிக்கு பஸ் கண்டக்டர் வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. மறுநாள் ஃபிட்னஸ் சர்டிபிகேட் கொடுத்தால்தான் வேலை. அதற்குத்தான் இந்த ரத்தப் பரிசோதனை.

ஸ்மியர் போடுவது ஒன்றும் மலையைப் புரட்டுகிற காரியமில்லை. கண்ணாடி ஸ்லைடில் ஒரு சொட்டு ரத்தம் வைத்து, இன்னொரு ஸ்லைடின் விளிம்பால் இழுத்து, காயவைத்துச் சாயம் ஏற்ற வேண்டும். இரண்டு முறை போட்டேன். இரண்டிலும் வெள்ளை அணுக்கள் வால் முளைத்து நசுங்கிக் கிடந்தன. கூடவே நீளநீளமாகக் கீறல். புது ஸ்லைடு எடுத்தும் அதே கதை.

"மதுரை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிருவோமா?" என்றார் டாக்டரம்மா.

வெளியே பெஞ்சில் இருந்த வேலுசாமி எழுந்து வந்துவிட்டார். "மதுரைக்குப் போனா வேலை போயிருமே அண்ணாச்சி!"

"சரி, காயவைக்காம உயிரோடயே பார்ப்போம்" என்றார் டாக்டரம்மா.

மறுபடி அவர் விரலில் குத்தி, சொட்டை ஸ்லைடில் வைத்து மெல்லிய கவர் கிளாஸால் மூடினோம். சித்திரை வெயிலில் லேபே அடுப்பாகக் கொதித்தது. அணுக்கள் ஊர்வதற்கு அந்தச் சூடு நல்லது. ஒரு வெள்ளை அணு, சிவப்பணுக்களுக்கும் ஏதோ கறுப்புத் துணுக்குக்கும் நடுவே, கூட்டமான பஸ்ஸில் கண்டக்டர் புகுவதுபோலப் புகுந்தது. இடுப்பு நூலாக மெலிந்தது. அந்தப் பக்கம் போனதும் பழையபடி உருண்டையானது. எனக்குக் கைதட்டத் தோன்றியது.

"அணு நல்லாத்தான் இருக்கு. அந்தத் துணுக்கு என்ன?" என்றார் டாக்டரம்மா.

"வே, விரல்ல என்னத்தவே வச்சீரு?" என்றேன்.

வேலுசாமி பெருமையாகச் சட்டைப்பையில் இருந்து பொட்டலத்தை எடுத்தார். "கோயில் புத்து மண்ணு அண்ணாச்சி. நீங்க ஸ்பிரிட்டு தொடைச்சிட்டு ஊசி எடுக்கத் திரும்புவியல்லா, அப்பம் ஒரு சிட்டிகை வச்சிக்கிடுதேன். டெஸ்டு நல்லா வரணும்லா?"

மண்தான் ஸ்லைடின் விளிம்பில் சிக்கி, இழுக்கும்போது அணுக்களை அரைத்திருக்கிறது. டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "மண்ணை நெத்தியில பூசுங்க, விரலை எங்ககிட்ட விடுங்க!"

சோப்புப் போட்டுக் கழுவவைத்து, கையை விடாமல் பிடித்துக்கொண்டு ஸ்மியர் போட்டேன். அணுக்கள் முழுசு முழுசாக இருந்தன. சாயங்காலம் சர்டிபிகேட்டோடு வேலுசாமி பஸ் ஏறினார்.

உயிருள்ள அணு எந்த இடுக்கில் நசுங்கினாலும் நிமிர்ந்துவிடும். ஸ்லைடில் நாம் நசுக்கியது நிமிராது. அதைப் பார்த்துத்தான் நல்ல ஆளை நோயாளியாக்க இருந்தோம். லேப் வேலைக்கு வரும் தம்பிகளா, ரத்தத்தைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் விரலைப் பாருங்கள்.