பெண்டாட்டி விசா

இனயம் கடற்கரையில் வெளிநாட்டிலிருந்து வந்தவனிடம் யாரும் சுகமா என்று கேட்பதில்லை. "எப்பம் வந்தே மக்கா?" என்பார்கள். அவன் பதில் சொல்லி வாயை மூடுவதற்குள் அடுத்தது வரும். "எப்பம் போற?" கேட்கிறவர்கள் மனதில் கள்ளம் ஒன்றும் இல்லை. வந்தவன் போகத்தான் செய்வான், அவ்வளவுதான். ஆனால் பிரைட்டனுக்கு அந்த இரண்டாவது கேள்வி பிடிக்கவில்லை. அப்பன் ஏசுஅடிமை இறந்த செய்தி கேட்டு குவைத்திலிருந்து அடித்துப் பிடித்து ஓடி வந்தான். மூத்த மகன் முகம் காணட்டும் என்று ஐஸ் பெட்டியில் காத்துக் கிடந்த உடலை அடக்கம் செய்தான். கல்லறைத் தோட்டத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே நாலு பேர் கேட்டுவிட்டார்கள். கேட்காத ஒரே ஆள் அம்மா செசிலி.

"முப்பது கழிஞ்சு போணும்" என்று அன்று சொன்னான். முப்பதாம் நாள் பூசை முடிந்தது. பிறகு "அடுத்த மாசம்" என்றான். அடுத்த மாதம் வந்தபோதும் அதையேதான் சொன்னான்.

அவன் குவைத்துக்குப் போன கதையைச் சொல்லாவிட்டால் இந்த இழுபறி விளங்காது. சுனாமிக்கு அடுத்த வருடம் நடந்த கல்யாணம். பெண் பிரிஜா, தேங்காய்ப்பட்டணத்துக்காரி, குவைத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். "பொண்ணு நர்சு, மாப்பிளைக்கு விசா உண்டும்" என்றுதான் பெண் வீட்டார் பேச்சையே தொடங்கினார்கள். விசா என்ற சொல் காதில் விழுந்த பிறகு ஏசுஅடிமைக்கு வேறு எதுவும் விழவில்லை. அது என்ன விசா என்று ஒருவரும் கேட்கவில்லை. நம் ஆட்கள் ஒரு சாளை மீன் வாங்குவதென்றாலும் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். விசாவை மட்டும் அப்படியே வாங்கிக்கொள்வார்கள்.

அது குடும்ப விசா. சம்பளம் வாங்குகிறவளின் பொறுப்பில் அவளைச் சார்ந்தவன் தங்கிக்கொள்ளலாம், வேலை செய்யக்கூடாது. பாஸ்போர்ட்டில் ஒட்டிய தாளில் அரபியில் எழுதியிருந்ததை குவைத்தில் பக்கத்து வீட்டு கொல்லத்துக்காரர் வாசித்துச் சொன்ன அன்றைக்குத்தான் பிரைட்டனுக்கே அது தெரிந்தது. "கொஞ்ச நாள் கழிஞ்சு வேலை விசாவா மாத்திரலாம்" என்று எல்லோரும் தைரியம் சொன்னார்கள். அந்தக் கொஞ்ச நாள் வரவே இல்லை. மாற்ற முடியாது என்று ஒரு வருடம் சொன்னார்கள், மாற்றலாம் ஆனால் இப்போது முடியாது என்று மறு வருடம் சொன்னார்கள்.

கடலில் இஞ்சின் பிடித்தால் மூடுபனியிலும் வள்ளத்தைக் கரை சேர்க்கிறவன் அவன். அங்கே மூன்றாவது மாடியில், அடுத்த கட்டிடத்து ஏசிப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரே ஜன்னலுள்ள வீட்டில், சோறு வடித்தான், துணி துவைத்தான், மகள் அபினா பிறந்த பிறகு அவளைக் குளிப்பாட்டித் தூக்கிக்கொண்டு திரிந்தான். அந்தப் பிள்ளைமேல் அவனுக்கு உயிர். அவள் முதலில் நடந்தது, முதலில் பேசியது எல்லாம் அவன்தான் பார்த்தான். பிரிஜா டூட்டியில் இருந்தாள். அப்படிப் பார்த்தால் அவன் கொடுத்துவைத்தவன். அவனுக்கு அப்படித் தோன்றவில்லை.

வருடத்துக்கு ஒரு முறை விசாவை நீட்டிக்கப் போக வேண்டும். பிரிஜா முன்னால் நிற்பாள், அவன் பின்னால் நிற்பான். கவுன்டரில் இருப்பவன் அவனைப் பற்றிய கேள்விகளையெல்லாம் அவளிடமே கேட்பான். ஒரு முறைகூட அவன் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. முத்திரை விழுந்ததும் பிரிஜா சிரித்தபடி திரும்புவாள். "இன்னும் ஒரு வருசத்துக்கு பயமில்ல" என்பாள். அவனும் சிரிப்பான். ஒரு வருடம் என்ற சொல் பிறகு வீடு வரும்வரை நெஞ்சில் உட்கார்ந்திருக்கும்.

ஊரில் அவன் சூப்பர்வைசர். யார் கிளப்பிவிட்டது என்று கேட்காதீர்கள், அவனேதான். ஒரு தடவை போனில் அப்பன் "என்ன வேலை மக்கா?" என்று கேட்டபோது வாய்க்கு வந்தது அது. அதன் பிறகு தங்கள் மகன்களுக்கும் விசா கேட்டு அப்பனிடம் வந்தவர்கள் பாதி ஊர் இருப்பார்கள்.

இப்போது 2011. அப்பன் போய்விட்டார், அவருடைய ஃபைபர் வள்ளம் கரையில் கிடந்தது. அப்பனோடு இருபது வருடம் தொழில் செய்த மரியஜான், முப்பது கழிந்த மறுநாள் விடியும் முன் வாசலில் வந்து நின்றார்.

"ஏலே, வாறியா? இஞ்சின் பிடிக்கதுக்கு ஆளில்ல."

அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். ஆறு வருடத்துக்குப் பிறகு கையில் இஞ்சின். கரை சின்னதாகி மறைந்ததும் அவனுக்கு அழுகை வந்தது. உப்புத் தண்ணீர் முகத்தில் அடித்ததால் மரியஜானுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு வலை நிறையவும் இல்லை, வெறுமையாகவும் இல்லை. மீனை ஏலத்தில் விட்டு, பங்கு வாங்கி அம்மா கையில் கொடுத்தபோது அவனுக்கு ஆண்பிள்ளை ஆனதுபோல் இருந்தது.

அதிலிருந்து தினமும் போனான். அங்கே பிரிஜா நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடும்ப விசாக்காரன் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் விசா தானாகவே செத்துப்போகும். பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டும், கிடைக்குமா கிடைக்காதா என்பது கர்த்தருக்குத்தான் தெரியும். இது குவைத்தில் பிள்ளைகளுக்கும் தெரிந்த சட்டம்.

"டிக்கெட் போடட்டா?" என்று போனில் கேட்பாள்.

"அம்மைக்கு சுகமில்ல, கொஞ்சம் பொறு" என்பான். செசிலி அப்போது கல் மாதிரி உட்கார்ந்து மீன் வெட்டிக்கொண்டிருப்பாள். அம்மாவின் நோய் பழசானதும் தனக்கே சிக்குன்குனியா வரவழைத்துக்கொண்டான். மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டது, விமானத்தில் உட்கார முடியாது என்றான். அந்தச் சமயம் மாவட்டத்தில் பாதிப்பேர் அப்படித்தான் கிடந்தார்கள், ஆகவே நம்பும்படியாக இருந்தது.

அவன் கணக்கு எளிமையானது. நான் வரமாட்டேன் என்று பிரிஜாவிடம் சொல்ல அவனுக்கு நாக்கு எழும்பாது. வருகிறேன் என்று கிளம்பவும் கால் எழும்பாது. விசா தானாகச் செத்துவிட்டால் யார் மேலும் பழியில்லை. சட்டம் அப்படி, என்ன செய்வது? கடலில் இருக்கும்போது இது நியாயமாகத் தோன்றும். கரைக்கு வந்து அபினாவின் குரலைப் போனில் கேட்டால் தன்மேல் காறித் துப்பலாம்போல் இருக்கும். இரவு டூட்டி நாட்களில் பிள்ளையைக் கொல்லத்துக்காரர் மனைவி பார்த்துக்கொள்கிறாள் என்று பிரிஜா சொல்லியிருந்தாள். அங்கே இருந்தபோது மூச்சு முட்டியது. இங்கே மூச்சு விட முடிந்தது, ஆனால் விட்ட மூச்செல்லாம் திருட்டு மூச்சு.

ஒரு நாள் நல்ல அயிலை மீன் கிடைத்தது. தேங்காய்ப்பட்டணத்தில் விலை கூடுதல் என்று மரியஜான் சொல்ல, வள்ளத்தை அங்கே கொண்டுபோய் ஏலம் விட்டார்கள். காய்ச்சலில் எழும்ப மாட்டாமல் கிடக்கிறவன், மனைவியின் சொந்த ஊர்ச் சந்தையில் இடுப்பில் கை வைத்து நின்று விலை பேசினான். பொய் சொல்லத் துணிந்தவனுக்கு அதைக் காப்பாற்றும் புத்தியையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம் கடவுள்.

ஆறு மாதம் நிறைந்த நாளன்று அவன் வேண்டுமென்றே தூரக் கடலுக்குப் போனான். கரையில் நின்றால் கை தன்னாலே போனை எடுத்துவிடும் என்று பயம். திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான்.

"அம்மா, நான் இனி போகல்ல. விசா முடிஞ்சுபோச்சு."

செசிலி அவன் முகத்தைப் பார்த்தாள். சந்தோசப்படுவாள் என்று அவன் நினைத்திருந்தான். அவள் குழம்பில் கிடந்த தலைத்துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். "பிரிஜாட்ட சொன்னியா?" என்று மட்டும் கேட்டாள். அவன் சோற்றைப் பிசைந்தான். அப்போது போன் அடித்தது.

"அபினாக்க அப்பா, காய்ச்சல் எப்பிடி இருக்கு?"

"இன்னும் கொறையல்ல."

"கடல்ல போயா படுத்துக் கெடந்தீங்க?"

அவன் கை சோற்றிலேயே நின்றது.

"நீங்க பிடிச்ச அயிலைய ஏலத்துல எடுத்தது எனக்க மாமனாக்கும். நல்ல அயிலைன்னு போன் போட்டு சொன்னாரு. மாப்பிளை நல்லா கறுத்துட்டாருன்னும் சொன்னாரு."

பிரைட்டன் எழுந்து முற்றத்துக்கு வந்தான். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு அவனும் கத்தித் தப்பித்திருப்பான்.

"பிரிஜா, இனி அத பேசி என்ன? விசா இன்னைக்கோட முடிஞ்சுல்லா."

"முடியல்ல" என்றாள். "போன வாரமே நான் ஆபீசுல போயி, நீங்க கூடுதல் மூணு மாசம் வெளிய நிக்கதுக்கு அனுமதி வாங்கியாச்சு. ராத்திரி டூட்டி முடிஞ்ச கையோட, அபினாவையும் பிடிச்சிட்டு வரிசையில நின்னேன். வாங்கின அன்னைக்கே சொல்லியிருப்பேன். நீங்களாட்டு சொல்லுவியளான்னு இன்னைக்கு வர காத்திருந்தேன்."

விசா செத்துப்போனது என்று நினைத்து அவன் நிம்மதியாகக் குளித்துவிட்டு வந்திருந்தான்.

"எதுக்கு வாங்கின?" என்றான். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு கொடுமையான கேள்வி என்று உறைத்தது.

"உங்கள இழுத்துட்டு வரதுக்கு வாங்கல்ல. வராண்டாம்னு இருந்தா அத உங்க வாயால எங்கிட்ட சொல்லணும். விசா செத்துட்டுன்னு சொல்லிட்டு நீங்க கடல்ல போயிரப்பிடாது. அதுக்காக்கும் வாங்கினேன்."

பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆறு வருடமாகத் தொண்டையில் கிடந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"அங்க எனக்கு மூச்சு முட்டுது பிரிஜா."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தான்.

"எனக்குந்தான்" என்றாள். "உங்க விசால வேலை செய்யப்பிடாதுன்னு அடிச்சிருக்கு. எனக்க விசால வேலைய நிறுத்தப்பிடாதுன்னு அடிச்சிருக்கு. ஒரு நாளாவது அத கேட்டியளா?"

கேட்டதில்லை. இரவு டூட்டி முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்து தூங்குவாளே, அந்தக் கால்கள் அவனுக்கு நினைவு வந்தன. அவள் வெளியே போகிறாள், நான் உள்ளே கிடக்கிறேன் என்றுதான் இத்தனை வருடமும் பொறாமைப்பட்டிருக்கிறான். அவள் போவதும் வருவதும் ஒரு கயிற்றின் நீளத்துக்குள் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. அவள் நிறுத்தினால் அவன் விசா போகும், பிள்ளையின் விசா போகும், ஊரிலிருக்கும் தன் தம்பி தங்கைகளுக்கு அவள் அனுப்பும் பணமும் நின்றுபோகும்.

"இப்பம் சொல்லுங்க" என்றாள் பிரிஜா. "நான் கோவப்பட மாட்டேன். மூணு மாசம் வேணும்னா யோசிச்சிட்டும் சொல்லலாம்."

போனில் அபினாவின் குரல் கேட்டது. "அப்பாவா? அப்பாவா?" என்று அம்மாவின் கையைப் பிடித்து இழுக்கிறாள் என்பது தெரிந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். கடலும் வேண்டும், இதுவும் வேண்டும். இரண்டையும் ஒன்றாகத் தருகிற விசா எந்த நாட்டிலும் இல்லை.

"டிக்கெட் போடு" என்றான்.

"மனசாரவா சொல்லுறீங்க?"

"மனசு இஞ்சதான் கெடக்கும். நான் வாரேன்."

பிரிஜா அழுதாள். இத்தனை நேரம் அழாதவள் அதற்குத்தான் அழுதாள். அது சந்தோசமா துக்கமா என்று அவனால் சொல்ல முடியவில்லை, கேட்கவும் இல்லை. போனை அபினாவிடம் கொடுக்கச் சொன்னான். அவள் பள்ளிக்கூடத்தில் யாரோ தன் பென்சிலை ஒடித்துவிட்ட கதையை முழுவதும் சொன்னாள், அவன் முழுவதும் கேட்டான்.

உள்ளே வந்தபோது சோறு காய்ந்திருந்தது. செசிலி தட்டை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். முற்றத்தில் பேசுவது வீட்டுக்குள் கேட்காதிருக்க அது ஒன்றும் அரண்மனை இல்லை. அப்பனை அடக்கம் செய்த நாளிலிருந்து ஊரே கேட்டும் அவள் மட்டும் கேட்காமல் வைத்திருந்ததை இப்போது கேட்டாள்.

"எப்பமாக்கும் மக்கா போற?"

"அடுத்த வாரம் இருக்கும் அம்மா."

அவள் எழுந்து வாசலுக்குப் போய், இருண்டு கிடந்த மேற்கு வானத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"பிள்ளைக்கு நெத்திலிக் கருவாடு குடுத்தனுப்பணும்" என்றாள். "காயதுக்கு ரெண்டு நாளு வெயிலு வேணுமே."