பல்லி சுரண்டிய செடி

மேகம் தவழும் காட்டில், ஆராய்ச்சிக்காரர்களுக்காக மரம் ஏறும் மனிதருக்குப் பல்லி என்று பட்டப்பெயர். கயிற்றைக் கட்டினால் கண் மூடித் திறப்பதற்குள் உச்சியில் இருப்பார். அவரிடம் ஒரே தொல்லை, ஓயாத கேள்விகள். வீட்டில் மனைவி பாதியிலேயே, "சாப்பிட்டுட்டுக் கேளுங்க" என்று வாயை அடைத்துவிடுவார்.

அன்று அவர் இறக்கிய கிளைத்துண்டில் நகக்கண் அளவில் ஒரு செடி ஒட்டியிருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்த தாவரவியல் மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. "அண்ணே, இது புது இனம்! இதுவரைக்கும் யாருமே பார்த்ததில்ல!"

பல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இதுவா? கயிறு வழுக்குதுன்னு பதினோரு வருஷமா பாசியோட சேர்த்துக் கத்தியால சுரண்டிப் போடுறேனே!"

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு வாரம் இருவரும் மரம் மரமாகத் தேடினார்கள். மற்ற கிளைகளில் பாசிதான் மெத்தை மெத்தையாகக் கிடந்தது. பல்லி கயிறு கட்டும் கிளைகளில் மட்டும் அந்தச் செடி தலைகாட்டியது.

"இனிமே இந்தக் கிளைகள்ல கயிறு கட்டக் கூடாது" என்று மேடம் நோட்டில் எழுதினார்.

பல்லி தாடையைச் சொறிந்தார். "ஏன் மேடம், ஒருவேளை நான் சுரண்டுறதாலதான் முளைக்குதோ?"

மேடம் எழுதியதை அடித்துவிட்டு, அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டார்.