மோட்டாருக்கு வந்த சந்தேகம்

போன வாரம் சோரியாங்குப்பம் போயிருந்தேன். என் மச்சான் ஏழுமலை வரப்பில் உட்கார்ந்து போனை முறைத்துக்கொண்டிருந்தார். எதிரே பால் பிடிக்கிற பருவத்து நெல்... நிலம் வெடித்துக் கிடந்தது.

"இன்னா மச்சான், கரண்ட் இல்லியா?"

"கரண்டு இருக்குதுபா. மோட்டாரு பூட்டிக்கிச்சு."

ஏழுமலைக்கும் அவர் சித்தப்பா மகன் சேகருக்கும் ஒரே போர்வெல். ஒருநாள் இவர் முறை, மறுநாள் அவர் முறை. ஷெட் சாவி எப்போதும் இரண்டு வீட்டுக்கும் பொது. பிறகு போனிலேயே இயக்கும் மோட்டார் வந்தது. கம்பெனிக்காரர்கள் கிளவுடில் இருந்து ராப்பகலாகக் கண்காணிக்கிறார்களாம். பாஸ்வேர்டையும் சாவி மாதிரியே பொதுவில் வைத்துக்கொண்டார்கள். தண்ணீரே பொது, பாஸ்வேர்டில் என்ன தனி?

ஏழுமலை ஒரு கல்யாணத்துக்குப் போன அன்று அவருடைய முறை. "நான் போட்டு வுட்றேண்ணே" என்றிருக்கிறார் சேகர். சேகரோ அன்று கடலூரில், மாமியார் வீட்டில். கையில் புது போன்.

புது போன், புது ஊர் — மெஷினுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. யாரையும் கேட்கவில்லை. தானாகவே மோட்டாரை நிறுத்திப் பூட்டிவிட்டு, ஏழுமலைக்குத் தகவல் அனுப்பியது: 'அந்நியர் நுழைய முயன்றார். உங்கள் மோட்டாரைப் பாதுகாத்துவிட்டோம்.'

யாரிடமிருந்து? தம்பியிடமிருந்து.

"கையால ஸ்விட்ச் போட முடியாதா?" என்றேன்.

"ஸ்டார்ட்டர் பொட்டியத் தொறந்தேன். அதையும் திருட்டுன்னு எடுத்துக்கிச்சு."

கஸ்டமர் கேரைக் கூப்பிட்டால் அங்கேயும் மெஷின். ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு... அமுக்கிக்கொண்டே இருந்தார்.

அப்போது சேகர் வந்தார். "பக்கத்து போர்லேர்ந்து ஓஸ் பைப்பு இழுத்து வுடலாமாண்ணே?"

"நீ கைய வெச்சதாலதான்டா இப்டி. மாமியார் வூட்ல உக்காந்துகினு எவன்டா போடச் சொன்னது?"

"உன் வயலுக்குத்தானே போட்டேன்."

ஏழுமலை முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஓஸ் பேச்சை அதோடு விட்டுவிட்டுச் சேகர் போய்விட்டார்.

நேற்று ஏழுமலை போன் செய்தார். பூட்டு திறந்துவிட்டதாம். அதற்குள் இரண்டு பேர் வயலிலும் பாதிக் கதிர் பதர். திறப்பதற்கு முன் மெஷின் ஒரு விஷயம் கேட்டதாம்: 'நீங்கள் நம்பும் நபர்களின் பெயர்களைப் பதிவு செய்யவும்.'

"யார் யார் பேரு போட்ட மச்சான்?"

"எம்பேரு மட்டுந்தான்."

"அப்ப சேகர் முறை அன்னிக்கு?"

வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டார்.

மோட்டார் இப்போது ரொம்பப் பத்திரமாக இருக்கிறது.