சூடு என்று நினைத்திருந்தேன்

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மீன் வாடியில் எனக்கு வேலை. வள்ளங்களில் வரும் மீனைப் பெட்டிகளில் அடுக்கி, இடையிடையே ஐஸ் போட்டு, கொழும்புக்குப் போகும் லொறியில் ஏற்ற வேண்டும். போன மாரிக்குப் பிறகு அந்த ஐஸை நான் வாயிலும் போடத் தொடங்கினேன். முதலில் ஒரு துண்டு, பிறகு ஒரு நாளைக்குக் கை நிறையப் பல தடவை. கடித்து நொறுக்கி, நாக்கு மரத்துப்போகும்வரை சப்புவேன். மரத்த பிறகும் விட முடியவில்லை.

கூட வேலை செய்கிற ஒருவர் கண்டுவிட்டார். "அண்ணை, மீனுக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கோ. கொழும்பு போறதுக்குள்ள மீன் பழுதாப் போயிடும், நீங்கள் மட்டும் பழுதாகாமல் இருப்பியள்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டேன்.

நான் அதிகம் பேசாதவன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் திறக்காது. ஓட்டம் எனக்கு வந்ததே அதனால்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு காலையில் சைக்கிள் களவு போயிருந்தது. வீடு இருக்கும் உப்புவெளியில் இருந்து வாடிவரை ஏற்றிப் போகச் சொல்லி ஒருவரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு, ஓடியே போனேன். அடுத்த நாளும் ஓடினேன். பிறகு சைக்கிள் வாங்கவில்லை. ஓடுகிற ஆளிடம் யாரும் கதை கொடுக்க மாட்டார்கள்.

எங்கள் பக்கத்து விளையாட்டுக் கழகம் வருடத்துக்கு ஒருமுறை நெடுந்தூர ஓட்டம் வைக்கும். நகரத்தில் தொடங்கி, நிலாவெளியைத் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். தானும் ஓடுகிறவரான கழகத்தின் செயலாளர் நான் தினமும் ஓடுவதைக் கண்டு, என்னைக் கேட்காமலே என் பெயரைப் பதிந்துவிட்டார். இரண்டு முறை முழுத் தூரமும் ஓடி முடித்தேன். போன வருடம் திரும்பி வரும்போது சாம்பல்தீவுப் பாலத்துக்குக் கிட்டக் கால்கள் நின்றுவிட்டன. ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இந்த வருடம் என் காலால் திரும்பி வர வேண்டும் என்று இருந்தேன். எனக்கு வேறு ஆசை ஒன்றும் இருந்ததாக நினைவில்லை.

அதற்காகப் பயிற்சியைக் கூட்டினேன். கூட்டக் கூட்ட வேகம் குறைந்தது. சின்ன ஏற்றத்திலும் நெஞ்சு காதுக்குள் அடித்தது. எங்கள் நகரத்தில் மாடுகளைப்போலத் திரிந்து வீதியோரம் படுத்திருக்கும் மான்கள் முன்பெல்லாம் நான் வரும்போது எழும்பி விலகும். இப்போது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே கிடந்தன. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தால், செருப்பைக் கழற்ற வேண்டும் என்று நினைத்தபடியே அரை மணித்தியாலம் போய்விடும். வெளிநாட்டில் இருக்கும் மகள் தனக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று போனில் சொன்னபோதும், "ஓம், நல்லது" என்றேன். போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு மறுபடியும் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அந்த நேரம் ஒரு வருடமாகவே எனக்கு மலத்தோடு இரத்தம் போய்க்கொண்டிருந்தது. சூடு என்று நினைத்தேன். வெயில், ஓட்டம், வாடியில் நிற்பது எல்லாம் சேர்ந்து உடம்பு சூடாகிவிட்டது என்று நானே முடிவுகட்டினேன். சூடு என்று சொல்லப்படுகிற சாப்பாட்டையெல்லாம் விட்டேன். சூரை மீன், நண்டு, ஈரல், முருங்கையிலை எதையும் தொடவில்லை. கஞ்சியும் மோரும் வெள்ளரிக்காயும் சாப்பிட்டேன். ஐஸில் ஆசை வந்தபோது, உடம்பே குளிர்ச்சியைக் கேட்கிறது என்று எடுத்துக்கொண்டேன். மனைவியிடம் சூடு என்று மட்டும் சொன்னேன். இரத்தம் என்று சொல்லவில்லை.

ஓட்டத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு நாள் மீன் பெட்டிகளுக்கு மேலேயே சரிந்து படுத்துவிட்டேன். வாடியில் இருந்து மனைவிக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவள் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

டொக்டர் என் மகளின் வயதுப் பெண். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நகங்களைப் பார்த்தார். பிறகு ஐஸ், மண், பச்சை அரிசி ஏதாவது தின்ன விருப்பம் வருகிறதா என்று கேட்டார். ஐஸ் என்றேன். அவர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். இரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்து மிகவும் குறைவு என்று வந்தது; ஐஸ் ஆசையும் அதனால்தான் என்றார். மலத்தில் இரத்தம் போகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். ஒரு பெண்ணுக்கு முன்னால், அதுவும் மகள் வயதில் ஒருவருக்கு முன்னால், வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இரும்புச்சத்துக் குளிசைகள் தந்தார். தேசிக்காய்த் தண்ணீரோடு விழுங்க வேண்டும், குளிசைக்கு முன்னும் பின்னும் தேத்தண்ணீர் கூடாது, மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்றார். நான் அன்று வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஓடலாமா? இப்போது நடந்தால் போதும், இரத்தம் ஏறிய பிறகு பார்ப்போம் என்றார்.

குளிசையை ஒழுங்காகப் போட்டேன். தேத்தண்ணீரை விலக்கி வைத்தேன். நடை என்று மனைவிக்குச் சொல்லிவிட்டு, வீதி திரும்பியதும் ஓடினேன். இரத்தமும் போய்க்கொண்டுதான் இருந்தது.

ஆறு வாரம் கழித்து மறுபடியும் பார்த்தபோது அளவு அசையவே இல்லை. குளிசையை உண்மையாகப் போடுகிறாரா என்று டொக்டர் மனைவியைக் கேட்டார். தானே எண்ணிக் கையில் கொடுப்பதாக மனைவி சொன்னாள். அவளுக்குக் கொஞ்சம் கோபம். டொக்டர் என் பக்கம் திரும்பி, மலத்தில் இரத்தம் போகிறதா என்று மறுபடியும் கேட்டார். இல்லை என்றேன்.

"இஞ்சேருங்கோ, பொய் சொல்லாதேங்கோ" என்றாள் மனைவி. பிறகு டொக்டரைப் பார்த்தாள். "ஒரு வருசத்துக்கு மேல போகுது. இவர் உடுக்கிற சாரம் தோய்க்கிறது நான்தானே."

அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. நான் சொல்வேன் என்று அவளும் ஒரு வருடம் பார்த்திருந்திருக்கிறாள். எனக்கு வெட்கம் வரும் என்று காத்திருந்தேன். அதுவும் வரவில்லை. உள்ளுக்குள் ஒன்றும் இல்லாத மாதிரி இருந்தது. "ஓம், டொக்டர்" என்றேன்.

டொக்டர் சிரிக்கவில்லை, ஏசவுமில்லை. வேறொரு கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தந்தார். அங்கே குழாய் விட்டுப் பார்த்தார்கள். பயப்படுகிற மாதிரி வேறு ஒன்றும் இல்லை, மூலம்தான் என்றார்கள். அதை வளையம் போட்டுக் கட்டி விட்டார்கள். வலித்தது, ஆனால் நான் பயந்த அளவுக்கு இல்லை. இரத்தம் ஏறும்வரை ஓடவே கூடாது என்று இம்முறை மனைவியிடமும் சொல்லி அனுப்பினார்கள். ஓட்டத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

அன்று பின்னேரம் மனைவி சூரை மீன் குழம்பு வைத்தாள். இம்முறை சூடு என்று தள்ளாமல் சாப்பிட்டேன்.

ஓட்டத்துக்கு முதல் நாள் செயலாளர் போன் எடுத்தார். நெஞ்சில் குத்தும் என் இலக்கத் துணியை எடுக்க ஏன் வரவில்லை என்று கேட்டார். காய்ச்சல் என்று சொல்லலாம் என்று யோசித்தேன். ஆனால் ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் ஏற்கனவே எத்தனை பொய் சொல்லிவிட்டேன் என்று நினைக்கக் களைப்பு வந்தது.

"இந்தமுறை என்னால ஏலாது, தம்பி" என்றேன். "மூலம். ஒரு வருசமா இரத்தம் போய், உடம்பிலை இரும்பு இல்லையாம்."

செயலாளர் குரலை நன்றாகக் குறைத்து, "எந்தக் கிளினிக், அண்ணை?" என்று கேட்டார்.

சொன்னேன். எந்த நாளில் வைக்கிறார்கள், எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் குறைவு என்றும் சொன்னேன். வலிக்குமா என்று கேட்டார். கொஞ்சம் என்றேன். எவ்வளவு நாளாக இருக்கிறது என்று நான் கேட்டேன். நானாக ஒருவரிடம் இப்படிக் கேள்வி கேட்டதில்லை. மூன்று வருடம் என்றார். மூன்று வருடமும் அவர் எனக்கு முன்னால் ஓடியிருக்கிறார்.

"நாளைக்கு ஓடாதேங்கோ" என்றேன்.

பார்க்கிறேன் என்றார். அடுத்த நாள் ஓட்டம் எங்கள் வீதி முனையால்தான் போனது. நான் போய்ப் பார்க்கவில்லை. படுத்துக்கொண்டே சனத்தின் கைதட்டலைக் கேட்டேன். அதில் அவர் போனாரா இல்லையா என்று தெரியவில்லை.