ஹலிஜா கொண்டுபோன மூன்று கேள்விகள்

நேர்முகத் தேர்வுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கும்போதே ஹலிஜாவுக்குப் பிரிவு விருந்து கொடுத்துவிட்டார்கள்.

உணவுக்கூடத்தில், தண்ணீர்ச் சோதனைப் பிரிவுப் பெண்கள் வழக்கமாக உட்காரும் மேசையில்தான் விருந்து. மஞ்சள் பசையரிசிச் சோறு, ரெண்டாங் என்னும் மலாய் இறைச்சிக் கறி, வெட்டிய பப்பாளி. ஏழு பேரும் சேர்ந்து வாங்கிய வெந்நீர்க் குடுவை ஒன்றைப் பூக்காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள்.

"இன்னும் என்னைக் கூப்பிட்டுக்கூடக் கேக்கலடி, அதுக்குள்ள துரத்துறீங்களே" என்றாள் ஹலிஜா.

"கேக்குறதுக்கு என்ன இருக்கு? உன்னை விட்டா அந்தப் பயிற்சி ரூமுக்கு யாரு போவா?" என்றாள் ரொகாயா. அந்த மேசையில் வாயாடி அவள்தான். "மேல போய் ஏசியில உக்காரு. எங்களுக்கு மூட்டுவலி வந்தா ஜன்னல்லேருந்து கையாவது ஆட்டு."

"அந்த ரூமுல ஜன்னலே கிடையாது."

"அப்ப கதவைத் திறந்து ஆட்டு!"

எல்லோரும் சிரித்தார்கள். ஹலிஜாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து குடுவையை அடுப்பு மேடையில் வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வேலை கிடைக்காவிட்டால் இதைத் தூக்கிக்கொண்டு எந்த முகத்தோடு திரும்பிப் போவது?

மலேசியாவின் சுங்கைப்பட்டாணியில் கையுறை செய்யும் ஆலை அது. ஹலிஜா பத்தொன்பது வருடமாகத் தண்ணீர்ச் சோதனையில் இருந்தாள். கையுறையைக் குழாயில் மாட்டி, ஒரு லிட்டர் தண்ணீர் விட்டு, இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். விரல் நுனியில் ஒரு சொட்டு தெரிந்தால் தனியே எடுத்து வைத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பேச்சு, பாட்டு, வம்பு எல்லாம் அந்த இரண்டு நிமிடங்களுக்குள்தான் நடக்கும். கணவன் லாரி விபத்தில் இறந்த வருடம், மகள் கல்யாணமாகி ஜொகூருக்குப் போன வருடம், எல்லாமே அவள் அந்தக் குழாய்களுக்கு முன்னால் நின்று கழித்த வருடங்கள். வீட்டில் பேச ஆளில்லை. காலையில் ஆலைப் பேருந்து வரும்வரை அவள் வாயைத் திறப்பதே பூனையை விரட்டத்தான்.

இப்போது மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை. ஈரக் கையுறையை இழுத்து மாட்டும்போது வலி தோள்வரை ஏறியது. கிளினிக்கில் இந்த வேலை இனி ஆகாது என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். ஆலைக்குள் அவள் செய்யக்கூடிய வேறு வேலை ஒன்றே ஒன்றுதான் காலியாக இருந்தது. புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி அறை வேலை. பதினொரு வருடம் அதில் இருந்த சபரியா மார்ச் மாதம் இறந்துபோயிருந்தாள்.

விண்ணப்பத்தில் இப்போதைய மேற்பார்வையாளரும் கையெழுத்துப் போட வேண்டும். அவர் நல்ல மனிதர். கையெழுத்துப் போட்ட மறுநாளே ஹலிஜாவின் நான்காம் குழாயில் ஒரு புதுப் பெண்ணை நிறுத்திப் பழக்க ஆரம்பித்துவிட்டார். மதியம் மேசையில் அந்தப் பெண்ணுக்கும் இடம் வேண்டுமே. ஹலிஜாவைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார்கள். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம்.

நேர்முகத்துக்கான அறிவிப்பில் ஒரு வரி புதிதாக இருந்தது: 'ஆலைக்குள்ளிருந்து விண்ணப்பிப்பவர்கள் தங்கள் கேள்விகளுடன் வரவும்.' போன முறை வேறொரு வேலைக்கு வந்த மூன்று பேரும், ஏதாவது கேட்க வேண்டுமா என்றதற்கு, ஒன்றுமில்லை ஐயா என்று தலையைக் குனிந்துகொண்டு போனதாகப் பேச்சு. பெரியவர்களைக் கேள்வி கேட்பதா? ஹலிஜாவும் அப்படி வளர்ந்தவள்தான்.

"என்னடி கேக்குறது?" என்று மேசையில் கேட்டாள்.

"ஏசியக் குறைக்க முடியுமான்னு கேளு."

"கக்கூஸ் கிட்டவா தூரமான்னு கேளு. இந்த வயசுல அதுதான் முக்கியம்."

"வேலை ஏற்கெனவே யாருக்கோ முடிவாயிடுச்சா, நான் சும்மா ஒப்புக்குத்தான் வந்திருக்கேனான்னு கேளேன்" என்றாள் ரொகாயா. சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. ஹலிஜா உற்பத்தி அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் அதை எழுதிக்கொண்டாள். அதற்குக் கீழே, கிடைக்காவிட்டால் தன் பழைய இடம் என்னவாகும் என்பதையும் எழுதினாள். எதிரில் புதுப் பெண் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

மூன்றாவது கேள்வியை வீட்டில் எழுதினாள். அது சபரியாவைப் பற்றியது.

சபரியாவும் ஒரு காலத்தில் அதே மேசைதான். மேலே போனபோது அவளுக்கும் விருந்து வைத்தார்கள். கொடுத்ததும் குடுவைதான், நிறம் மட்டும் வேறு. முதல் வாரம் அவள் மதியம் இறங்கி வந்தாள். யாரோ "ஆபீஸர் சோதனைக்கு வந்துட்டாங்க, சோத்தை மூடுங்க" என்றார்கள். அந்த யாரோ ஹலிஜாதான். அது வெறும் கேலி. சபரியாவும் சிரித்தாள். பிறகு வருவது குறைந்தது. பிறகு வரவில்லை. அவள் நாற்காலி வேறு மேசைக்குப் போனதை யாரும் கவனிக்கவில்லை.

இறப்பு வீட்டில் சபரியாவின் தங்கை ஹலிஜாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதானா லிஜாக்கா? தினமும் மத்தியானம் உங்ககூடத்தான் சாப்பிடுறேன்னு அக்கா சொல்லும். நீங்க பேசுற கேலியெல்லாம் வந்து சொல்லிச் சிரிக்கும்."

ஹலிஜா ஆமாம் என்றாள். வேறு என்ன சொல்வது? அன்றிலிருந்து அந்த ஆமாம் அவளுக்குள் கிடந்தது.

நேர்முகத்தில் இருவர் இருந்தார்கள். ஆலை மேலாளர் ஓங், அவளை ஆரம்பத்திலிருந்தே அறிந்தவர். இன்னொருவர் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அம்மையார், புவான் சல்வா. தண்ணீர் அளவு, கசிவு வகைகள், புதியவர்கள் செய்யும் தவறுகள் என்று கேட்டதற்கெல்லாம் ஹலிஜா தடுமாறாமல் சொன்னாள். கடைசியில் புவான் சல்வா பேனாவை மூடிவிட்டு, "நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

ஹலிஜா அட்டையை எடுத்தாள்.

"இந்த வேலை யாருக்காவது முடிவாயிடுச்சுங்களா?"

புவான் சல்வா ஓங்கைப் பார்த்தார். ஓங் சிரித்தார். "இல்ல லிஜா. உன்னோட சேத்து ரெண்டு பேரு. நிஜமாத்தான் சொல்றேன்."

"கிடைக்கலைன்னா என் பழைய இடம்?"

சிரிப்பு போயிற்று. "அங்க ஆள் போட்டாச்சே. உன் கையும் சரியில்ல. மறைக்கிறதுல அர்த்தமில்ல, அப்படி ஆச்சுன்னா உனக்குக் குடுக்க என்கிட்ட வேற இடம் இல்ல."

தெரிந்ததுதான். அவள் அட்டையைப் பார்த்தபடியே மூன்றாவதைக் கேட்டாள்.

"சபரியா அக்கா இந்த வேலையில இருந்தப்போ, எதைக் கேட்டு அவங்களுக்குக் கிடைக்காமப் போச்சு?"

புவான் சல்வாவுக்குச் சபரியாவைத் தெரியாது. ஓங் மேசைமேல் கைகளைக் கோத்துக்கொண்டார். ஹலிஜா காத்திருந்தாள். தண்ணீர் நிறைந்த கையுறைக்கு முன்னால் நிற்பதுபோல, அவசரப்படாமல், கண்ணை எடுக்காமல்.

"இன்னொரு ஆளு" என்றார் ஓங் கடைசியில். "வருஷா வருஷம் எழுதிக் குடுப்பா. துணைக்கு ஒரு ஆள் வேணும்னு. அவ்வளவு வேலை இல்லையே சபரியான்னு நானும் ஒவ்வொரு வருஷமும் சொல்லுவேன். வேலைக்காகக் கேக்கலங்கறது எனக்குப் புரியல. புரிஞ்சிருக்கணும்."

ஹலிஜா அட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள். "சரிங்க" என்றாள்.

பத்து நாள் கழித்து வேலை அவளுக்கே என்று கடிதம் வந்தது.

பயிற்சி அறையில் சபரியாவின் கையெழுத்தில் சுவரெல்லாம் படங்கள், அம்புக்குறிகள். மேசை இழுப்பறையில் பச்சைக் குடுவை. திறந்தால் உள்ளே பழைய தேநீர் வாடை. ஹலிஜா அதைக் கழுவித் தன் குடுவைக்குப் பக்கத்தில் வைத்தாள். புதியவர்கள் யாரும் அந்த வாரம் வரவில்லை. குளிர்சாதனம் ஓடும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. சோறு கட்டிய பொட்டலத்தை மேசைமேல் வைத்துப் பிரிக்கப் போனவள், நிறுத்திவிட்டு, அதைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

மேசை நிறைந்திருந்தது. அவள் இடத்தில் புதுப் பெண்.

"அல்லாவே, ஆபீஸர் வந்துட்டாங்க! சோத்தை மூடுங்கடி!" என்றாள் ரொகாயா.

எல்லோரும் சிரித்தார்கள். யாரும் நகரவில்லை. வேண்டுமென்றே அல்ல. நகர வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். சபரியா இறங்கி வந்த அன்று ஹலிஜாவுக்கும் தோன்றவில்லை.

அவள் பக்கத்து மேசைக்குப் போய் ஒரு நாற்காலியைத் தூக்கினாள். மணிக்கட்டு வலித்தது. சிமெண்டுத் தரையில் கிறீச்சென்று இழுத்துக்கொண்டு வந்து மேசை மூலையில், காலை நீட்ட முடியாத இடத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"சோதனைக்கு வரல. சாப்பிட வந்தேன்" என்றாள்.

ஒருத்தி மிளகாய்ச் சம்பலை அவள் பக்கம் தள்ளினாள். பேச்சு நான்காம் குழாயின் கசிவைப் பற்றிப் போயிற்று. அவளுக்குத் தெரியாத ஏதோ ஒன்றுக்கு எல்லோரும் சிரித்தார்கள். அவள் சாப்பிட்டு முடித்து, நாற்காலியை எடுத்த இடத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

மறுநாள் போனபோது அது பக்கத்து மேசையிலேயே இருந்தது. ஹலிஜா மறுபடியும் இழுத்துக்கொண்டு வந்தாள்.