புளோறன்ஸ் அன்ரி பாராட்டிய படம்

திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே புளோறன்ஸ் அன்ரியின் முதல் தீர்ப்பு வந்துவிடும். படத்துக்குப் பணம் கொடுத்த நாடுகளின் சின்னங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றி மறைய, அன்ரி தலையைச் சற்றே சரித்துப் பக்கத்துக் கதிரைப் பஹ்மியாவிடம் சொல்வார்: "இவ்வளவு நாடு சல்லி குடுத்திருக்கு. அப்ப கதாநாயகன் வாய் திறக்கமாட்டான்."

அநேகமாகத் திறப்பதில்லை.

கொள்ளுப்பிட்டியில் ஒரு கலாசார நிலையத்து மண்டபத்தில் ஆண்டுதோறும் சுயாதீனத் திரைப்பட விழா நடக்கிறது. அனுமதி இலவசம், குளிர் தாராளம். வெளியே தார் உருகுகிற வெயிலாக இருந்தாலும், கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் அன்ரியின் கையில் நுவரெலியாவுக்குப் புறப்பட்டவர் போல ஒரு கம்பளிச் சட்டை இருக்கும். மூன்றாம் வரிசையின் ஓரக் கதிரை அவருடையது. அப்படி எங்கும் எழுதிவைக்கவில்லை. வேறு யாராவது அதில் அமர்ந்துவிட்டால் அன்ரி சண்டைக்குப் போகமாட்டார், பக்கத்தில் நின்று செருமுவார். தூதரகத்து ஆள் ஒருவரே மன்னிப்புக் கேட்டு எழும்பிப் போயிருக்கிறார்.

ஒரு கப்பல் கொம்பனியில் டெலிபோன் ஒப்பரேட்டராக இருந்து ஓய்வுபெற்றவர் அன்ரி. கணவர் றேமண்ட் விழாப் பக்கம் வருவதில்லை. வீட்டில் டெஸ்ட் மட்ச் பார்க்கிறார். அதில் அன்ரிக்குக் குறையில்லை. "அவருக்கும் ஒண்டும் நடக்காத படம்தான் விருப்பம். அவர் அஞ்சு நாளாப் பார்க்கிறதை நான் ரெண்டு மணித்தியாலத்தில பார்த்திட்டு வாறன்."

பஹ்மியா கிராண்ட்பாஸ்காரர். தையல் வகுப்பு நடத்துகிறவர். படங்களில் சட்டைகளின் வெட்டைப் பார்ப்பதற்கே தான் வருவதாகச் சொல்லிக்கொள்வார். அன்ரி தீர்ப்புச் சொன்னால் கேட்பதற்கு ஒருவர் வேண்டும் அல்லவா, அந்தக் கடமையையும் இவரே செய்கிறார்.

அன்ரியின் விமர்சன முறையைப் பல்கலைக்கழகங்கள் இன்னும் ஆராயவில்லை. ஒரு படத்தில் கிழவர் ஒருவர் மலையேறிக்கொண்டே இருந்தார். இடைவேளையில் அன்ரி சொன்னார்: "இவருக்கு ஆரோ வழி பிழையாச் சொல்லியிருக்கினம்." இன்னொன்றில் ஒரு மாடு வெகுநேரம் அசைபோட்டது. "மாடு நல்லா நடிச்சிருக்கு. மற்ற ஆக்களுக்குத்தான் பயிற்சி காணாது." காதலர் இருவர் கடலைப் பார்த்தபடியே பிரிந்த படத்துக்கு ஒரே வரி: "ரெண்டு பேருக்கும் வேலை இல்லை, அதுதான் வருத்தம்."

படம் முடிந்ததும் இயக்குநரை மேடையேற்றிக் கேள்வி கேட்கும் நேரத்தில் அன்ரியின் கை உயரும். யாராக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்: "இந்த வீட்டில ஆர் சமைக்கிறது?" ஒருமுறை ஐரோப்பாவிலிருந்து வந்த தாடிக்காரர் ஒருவரிடமும் இதையே கேட்டார். விழாவின் அமைப்பாளர் றேணுகா அதைப் பக்குவமாக ஆங்கிலப்படுத்தினார். தாடிக்காரர் கண்கலங்கி, இல்லாமையைப் பற்றியும், நவீன மனிதனின் பசியைப் பற்றியும் நீண்ட நேரம் பேசினார். அன்ரி முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அமர்ந்தார். "அப்ப ஆரும் சமைக்கேல்ல" என்று பஹ்மியாவுக்கு மொழிபெயர்த்தார்.

இளம் இயக்குநர்கள் அன்ரியைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் தங்கள் படம் ஓடும்போது திரையைப் பார்க்காமல் மூன்றாம் வரிசையையே பார்ப்பார்கள். பத்திரிகைக்காரர்கள் எல்லாப் படத்துக்கும் நல்ல வார்த்தை வைத்திருந்தார்கள். அன்ரியிடம் அது இருக்கவில்லை. ஆகவே அவர் சொல்லும் நல்ல வார்த்தைக்குத்தான் விலை.

வெள்ளவத்தைப் பொடியன் ஜனா அந்த விலையை நன்றாக அறிந்தவர். போன வருட விழாவில் அவருடைய முதல் குறும்படம் ஓடியது. அதில் வீடு, ஜன்னல், மழை எல்லாம் இருந்தன. பின்னால் ஒரு வயலின் விடாமல் அழுதது. தேநீர் மேசையருகே ஜனா தானாகவே போய்க் கேட்டார். "வீடு இருக்கு மகன்" என்றார் அன்ரி. "வீட்டுச் சத்தம் இல்லை. உங்கட வீட்டில கறி தாளிக்கிறதில்லையோ? ஆரும் பாத்றூமுக்குப் போறதில்லையோ? எந்த நேரமும் வயலின் வாசிக்கிற வீட்டில நான் ஒரு நாளும் இருக்கமாட்டன்."

ஜனா அன்றைக்கு இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை என்று அவருடைய தாய் பிறகு சொன்னார். அடுத்த நாளே ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்துவிட்டாராம்.

இந்த வருடம் ஜனாவின் முழுநீளப் படம். விழா மலரில் அதைப் பற்றி றேணுகா எழுதியிருந்தார்: "சொல்லாமல் விட்டவற்றைப் பற்றிய ஒரு தியானம்." றேணுகா எல்லாப் படத்தையும் தியானம் என்றே எழுதுவார், மாட்டுப் படமும் தியானம்தான். அன்றைக்கு வேறொரு படத்தின் பிரதி வந்துசேராததால், ஜனாவின் படத்தை ஒரு மணித்தியாலம் முன்னதாகவே போட்டார்கள். ஜனாவோ தாயையும் ஏற்றிக்கொண்டு காலி வீதி நெரிசலில் நின்றார்.

படம் தொடங்கியது. கடற்கரைப் பக்கம் ஒரு மாடி வீடு. தாய், தகப்பன், வெளிநாட்டுக்குப் புறப்பட இருக்கும் மகள். வாய்கள் அசைந்தன. சத்தம் வரவில்லை. கீழே எழுத்தும் ஓடவில்லை.

மண்டபம் ஒருமுறை நெளிந்தது. எழும்பப் பார்த்த இரண்டொருவர், மற்றவர்கள் எழும்பாததைக் கண்டு கால் மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். மலரில் தியானம் என்று அச்சடித்திருக்கிறதே. அதே வாரத்தில் வெறும் கறுப்புத் திரையைப் பார்த்துவிட்டுக் கைதட்டிய சபை அது. சத்தம் கேட்கவில்லை என்று முதலில் வாய் திறப்பவர் சினிமா தெரியாதவர் ஆகிவிடுவார். அந்தப் பதவிக்கு விண்ணப்பிக்க ஆளில்லை.

பஹ்மியா மட்டும் குனிந்து, "புளோறன்ஸ், சவுண்டு வரல்ல போல ஈக்கே" என்றார்.

"உஷ்," என்றார் அன்ரி.

அன்ரி படத்துக்குள் போய்விட்டிருந்தார். திரையில் விசித்திரமான ஒன்று நடந்துகொண்டிருந்தது. தாய் கரண்டியும் கையுமாக ஏதோ சொல்ல வந்து, பாதியில் நிறுத்தி, சுவரைப் பார்த்தபடி நின்றார். சற்று நேரத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். தகப்பன் விரலை உயர்த்திய நிலையிலேயே உறைந்தார். பிறகு அதே விரலோடு பேச்சைத் தொடர்ந்தார். மகளும் அப்படியே. வாக்கியங்கள் நடுவில் நின்றன, மூவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் காத்திருந்தார்கள், மீண்டும் வாய்கள் அசைந்தன. கடைசியில் மகள் பெட்டியோடு கதவடியில் நின்று ஏதோ தொடங்கி, நிறுத்தினாள். தாய் காத்திருந்தார். திரை இருண்டது.

கேள்வி நேரம். இயக்குநர் இன்னும் வரவில்லை என்று றேணுகா சொல்ல, அன்ரி கேள்வி கேட்காமல் எழும்பினார். ஒலிவாங்கியை வாங்கினார்.

"இந்த வீட்டில ஆர் சமைக்கிறதெண்டு நான் கேக்கேல்ல. தாய்தான். தெரியுது." சபை சிரித்தது. அன்ரி சிரிக்கவில்லை. "நான் வாழ்நாள் முழுக்க மற்ற ஆக்கள் கதைக்கிறதைக் கேட்டுச் சம்பளம் எடுத்தனான். லைனில ஒரு ஆள் கதையை நிப்பாட்டினா, லைன் கட்டாயிட்டுது எண்டு வயரைக் கழட்டிப்போடுவன். நிப்பாட்டின ஆளின்ர முகத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. இண்டைக்குத்தான் பார்த்தன். இந்த வீட்டில எல்லாருக்கும் சொல்ல ஒரு விஷயம் இருக்கு, வாய்க்குக் கிட்ட வந்து நிக்குது. சத்தத்தையே எடுத்துப்போட்டு இதைக் காட்டினதுக்கு அந்தப் பொடியனுக்குப் பெரிய துணிச்சல் வேணும்."

கைதட்டல் எழுந்தது. மண்டபமே பெருமூச்சு விட்டது போல இருந்தது. எல்லாருக்கும் இப்போது படம் விளங்கிவிட்டது. ஆங்கில வார இதழில் விமர்சனம் எழுதும் சவுந்தரநாயகம் கூட, தான் சொல்ல இருந்ததை அன்ரி முந்திக்கொண்டார் என்ற பாவனையில் தலையாட்டினார்.

அந்தக் கைதட்டலுக்குள்தான் ஜனா தாயோடு வாசலில் வந்து நின்றார். புளோறன்ஸ் அன்ரியின் கையில் ஒலிவாங்கி. சபை எழுந்து நிற்கிறது. பொடியனின் கண் சிவந்துவிட்டது. மேடைக்குப் போய், "அன்ரி போன வருஷம் சொன்னதைத்தான் செய்தனான்" என்றார். "ஒரு வருஷமா எங்கட வீட்டுச் சத்தத்தை மட்டும்தான் பதிஞ்சனான். ரயில் சத்தம் கூடிப்போச்சோ எண்டுதான் பயந்துகொண்டிருந்தன்."

"என்ன ரயில்?" என்றது பின்வரிசை.

ஜனா விளக்கினார். வெள்ளவத்தையில் தண்டவாளத்துப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு அதில் விளக்க ஒன்றுமில்லை. ரயில் வந்தால் கதையை நிறுத்துவார்கள், போனதும் விட்ட இடத்தில் எடுப்பார்கள். மூச்சு விடுவது போல அது ஒரு பழக்கம். சண்டையிலும் அப்படித்தான். கோபத்தோடு காத்திருப்பார்கள்.

மலரில் நிழற்படம் போடுவதற்காக ஜனா முன்பு அனுப்பிய, ஒலி சேர்க்காத பிரதியைத் தவறுதலாக ஓட்டிவிட்டார்கள் என்பது அதன் பிறகே வெளியானது. சபை சிரித்தது. அதிகம் கைதட்டியவர்களே அதிகம் சிரித்தார்கள். சவுந்தரநாயகத்துக்கு இருமலே வந்துவிட்டது. அன்ரி ஒலிவாங்கியைப் பக்கத்தவரிடம் கொடுத்து, அமர்ந்து, கம்பளிச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார்.

தேநீர் மேசையில் அன்ரியைச் சுற்றி வழமைக்கு மாறாக நல்ல காற்றோட்டம். சவுந்தரநாயகம் மட்டும் வந்து, "பயப்படாதேங்கோ புளோறன்ஸ், இதுக்கு ஏதாவது தத்துவம் சொல்லிச் சமாளிக்கலாம்" என்றார்.

"உங்களுக்கு ரயில் சத்தம் கேட்டதோ?"

"எனக்கு... ஒரு சந்தேகம் இருந்தது."

"அப்ப சந்தேகத்தை வைச்சுக்கொண்டு கை தட்டினீங்க. நான் நம்பிச் சொன்னனான்."

அவர் மீன் அடைத்த மாலு பாண் எடுக்கப் போய்விட்டார். பிறகு வந்தவர் ஜனா. மற்றவர்களைப் போல அவர் சிரிக்கவில்லை.

"அன்ரி, சத்தம் இல்லை எண்டு நீங்க சொன்னீங்க, நான் வைச்சன். இண்டைக்கு, சத்தம் இல்லாததுதான் நல்லம் எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டீங்க. அப்ப என்ர ஒரு வருஷ வேலை படத்துக்குத் தேவையில்லாததோ? நான் எதை நம்புறது?"

எந்த இயக்குநருக்கும் பதில் வைத்திருந்த வாய் அன்றைக்கு ஒரு பட்டிஸைக் கடித்துக்கொண்டிருந்தது.

"நாளைக்குச் சரியான பிரதி போடுறாங்களாமே மகன்?"

"ஓம். நீங்க வருவீங்களோ?"

"பட்டிஸ் ஆறிப்போச்சு," என்றார் அன்ரி.

மறுநாள் மண்டபத்தில் நிற்கவும் இடமில்லை. சுயாதீன சினிமாவுக்குக் கொழும்பில் இவ்வளவு ஆதரவா என்று றேணுகா நெகிழ்ந்துபோனார். வந்தவர்கள் பார்க்க வந்தது அன்ரியின் முகத்தை. அவர் வரமாட்டார் என்று சவுந்தரநாயகம் இரண்டு பேரிடம் உறுதியாகச் சொல்லியிருந்தார். என்ன நோய் என்றும் சொல்லியிருந்தார்.

அன்ரி வந்தார். பஹ்மியாவும் வந்தார். ஓரக் கதிரை காலியாகவே இருந்தது. அன்றைக்கு யாருக்கும் அதில் அமரத் துணிவு வரவில்லை. ஜனா பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றார். அன்ரி அவரை ஒருமுறை பார்த்துத் தலையசைத்தார். அதில் பாராட்டும் இல்லை, மன்னிப்பும் இல்லை. பஸ் வந்துவிட்டதா என்று பார்க்கிறவரின் தலையசைப்பு அது.

விளக்குகள் அணைந்தன. கடுகு வெடித்தது. எங்கோ குழாய் ஒன்று ஒழுகியது, காகம் கத்தியது, ஒரு பெண் குரல் யாரையோ சாப்பிடக் கூப்பிட்டது. சபை திரையைப் பார்ப்பது போல மூன்றாம் வரிசையைப் பார்த்தது.

அன்ரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கண்ணாடி இல்லாம ஒங்களுக்கு ஒண்டும் வெளங்காதே?" என்றார் பஹ்மியா.

"படம் நேற்றுப் பார்த்தாச்சு."

தூரத்தில் இரும்பு அதிரும் ஓசை கிளம்பி நெருங்கிவர, திரையில் தாய் பேச்சை நிறுத்தினார். அன்ரி கண்ணாடியை மடித்துக் கைப்பைக்குள் போட்டு, பையின் வாயை மூடி, இடது காதைச் சுவரிலிருந்த ஒலிபெருக்கியின் பக்கம் திருப்பிக்கொண்டார்.